கக்கூஸ் சாவி முதல் ஆதார் அட்டை வரை: பெங்களூரில் ஒரு தமிழ்த் திருநங்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு 2022 ஜூன் முதல் 2025 தொடக்கம் வரை பெங்களூரில் வாடகை வீடு தேடி, பிடித்து, இழந்து, மறுபடி பிடித்த ஒரு தமிழ்த் திருநங்கையைப் பற்றியது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்; வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதிகள் இதில் இல்லை. பெயரும் ஊரும் வராது. தெருவில் எல்லாரும் கூப்பிடுவதுபோல் அக்கா என்றே குறிப்பிடுகிறேன். நான் லிங்கராஜபுரம், அல்சூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிடையே களப்பணி செய்கிறேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பள்ளிச் சேர்க்கை என்று மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. அக்கா என்னிடம் முதலில் வந்ததும் ஒரு மனுவுக்காகத்தான்.

பெங்களூரில் திருநங்கைகள் படும் பாடு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகப் பிரிவு 2003-ல் வெளியிட்ட அறிக்கை, போலீஸும் ரவுடிகளும் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்தது. அக்கா விஷயத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கை ஓங்கவில்லை. பேப்பரில் வரும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே வருஷத்தில் அவருக்கு வீடு போனது, வாடிக்கை போனது, சேமிப்பு கரைந்தது, அரசு தருவதாகச் சொன்ன எதையும் வாங்க முடியாமல் போனது. இவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாக எழுதினால் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். ஒன்று எப்படி அடுத்ததை இழுத்து வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அதற்காகவே முழுசாக எழுதுகிறேன்.

பின்னணி

2022-ல் அக்காவுக்கு வயது 34. பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரர். நடையையும் குரலையும் கேலி செய்யாத ஆள் இல்லை என்ற நிலையில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளி நின்றது. ஒரு டைலர் கடையில் காஜா எடுக்கச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிங் வரை கற்றுக்கொண்டார். வீட்டில் அடி தாங்காமல் 2007-ல் பெங்களூருக்கு ரயிலேறினார். ஒரு குருவிடம் சேலாவாக, அதாவது சீடராகச் சேர்ந்து, ரீத் என்ற சேர்க்கைச் சடங்கு ஆகி, திருநங்கைகள் கூடி வாழும் ஜமாத்தோடு இருந்தார். கடை கடையாகப் போய்க் காசு கேட்டுப் பிழைத்தார்.

அடுத்த வருஷமே, 2008 ஏப்ரல் 15 அன்று, தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. நாட்டிலேயே முதல் வாரியம் அது. அதன் அடையாள அட்டை அக்காவுக்குக் கிடைக்கவில்லை, அவர் அப்போது ஊரில் இல்லை. எல்லை தாண்டி வந்த தமிழ்த் திருநங்கைகள் பலருக்கு இதுதான் நிலைமை: அங்கே போனால் 'இங்கே குடியிருக்கிறீர்களா?', இங்கே கேட்டால் 'கர்நாடக முகவரி இருக்கிறதா?'.

இடையில் ஒரு கார்மெண்ட்ஸில் ஹெல்பராகச் சேர்ந்து காலர் வைக்கும் மெஷின் வரை உயர்ந்தார். ஆதாரில் ஆண் என்றிருப்பதால் ஆண்கள் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அங்கே போக முடியாது, போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து ஷிப்ட் முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகினார். திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வந்து வேலையை விட்டார். டார்கெட்டை முடித்துக் கொடுத்த ஆள், வேலை தெரியாதவர் இல்லை. கழிப்பறைக்காக ஒரு நல்ல டைலர் தொழிலை விட்ட கதை இது. இந்த ஊர் கார்மெண்ட்ஸ்களில் இப்படி எத்தனை பேர் போனார்கள் என்று யாரும் கணக்கு எடுத்ததாக நான் பார்த்ததில்லை.

கொரோனா ஊரடங்கில், நின்று காசு கேட்கும் சிக்னல்கள் காலியாயின. அக்காவின் குரு தன் கம்மலை அடகு வைத்து ஒரு பழைய மோட்டார் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். 'நீ கத்துக்கிட்ட தொழில் உனக்குச் சோறு போடும், போ' என்று சொன்னாராம். ஜமாத்தைப் பற்றி வெளியே எத்தனையோ பேசுகிறார்கள். இந்தக் கம்மலையும் சேர்த்துப் பேச வேண்டும்.

முதல் வீடு

ஜமாத் வீட்டில் மெஷின் போட இடமில்லை, வாடிக்கைப் பெண்களும் அங்கே வரமாட்டார்கள். ஆக, தைத்துப் பிழைக்க வேண்டுமானால் தனி வீடு வேண்டும்.

போனில் பேசும்போதே பாதி வீடுகள் போய்விடும். அக்காவின் குரலைக் கேட்டு புரோக்கர் 'சொல்லுங்க சார்' என்பார். வீடு பார்க்கப் போய் நின்றால் முகம் மாறும். 'இப்பதான் வேற ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்' என்பார்கள். அதே வீட்டுக்கு மறுநாள் நான் போன் போட்டால் காலியாகத்தான் இருக்கும். ஃபேமிலிக்கு மட்டும் என்று சிலர் நேராகவே சொன்னார்கள். ஒருவர் மட்டும் பச்சையாகக் கேட்டார்: 'உங்களுக்கெல்லாம் தனி ஏரியா இருக்கு இல்ல?'

கடைசியில் லிங்கராஜபுரம் பக்கம் ஒரு வளவில் இடம் கிடைத்தது. நான்கு குடித்தனம், ஒரு பொதுக் கக்கூஸ், ஒரு சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி). பக்கத்துக் குடித்தனத்துக்கு வாடகை 5,000. அதே அளவு அறைக்கு அக்காவிடம் 6,500 கேட்டார் வீட்டுக்காரம்மா. அட்வான்ஸ் 60,000. குருவும் மற்ற சேலாக்களும் போட்டுத்தான் அந்தத் தொகை சேர்ந்தது. பத்திரம் பதினோரு மாதத்துக்கு. பெங்களூரில் எல்லாருக்கும் அப்படித்தான், ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பதினோரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பதினோரு மாதம் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும், சொல்கிறேன்.

தையல் மெதுவாகப் பிடித்தது. முதலில் வந்த பெண்கள் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டுப் போவார்கள். உடம்பில் அளவு எடுக்க விடமாட்டார்கள். இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அக்கா வாசலிலேயே நிற்பார், அவர்கள் பையை நீட்டிவிட்டுத் திரும்புவார்கள். பழைய ஜாக்கெட் எப்போதும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அதை வைத்துத் தைத்தால் கைக்குழி சரியாக விழாது. அக்கா கண்ணாலேயே பார்த்து அரை இஞ்சு குறைத்து வெட்டுவார். சரியாக உட்காரும். மூன்றாம் மாதம் ஒரு பாட்டி, 'ஏம்மா, என் கையை அளந்துக்கோ, பழசு கிழிஞ்சு போச்சு' என்று கையை நீட்டினார். அன்றைக்கு இரவு அதைச் சொல்ல எனக்குப் போன் செய்தார். அப்புறம் மற்றவர்களும் அளவு கொடுக்க ஆரம்பித்தார்கள். தெருவில் டைலர் அக்கா என்று பேர் வந்தது.

காய்ச்சல்

2022 அக்டோபரில் அக்காவுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன, சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். எந்த வார்டு என்பதில் நின்றது. ஆண்கள் வார்டில் போட அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பெண்கள் வார்டில் இருந்த ஒரு நோயாளியின் வீட்டார் சத்தம் போட்டார்கள். சிஸ்டர் ஒருவர், பாவம், நல்ல மனுஷி, வராந்தாவில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். போகிற வருகிற எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு இரவு படுத்திருந்தார். மறுநாள், என் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் கொடுத்த தீர்ப்பிலேயே, ஆஸ்பத்திரியில் திருநங்கைகளுக்கு மருத்துவ வசதியும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று இருக்கிறது. எட்டு வருஷம் கழித்தும் அக்காவுக்குக் கிடைத்தது வராந்தா.

வீட்டில் யார் பார்த்துக்கொள்வது? ஜமாத்தில் இருந்து ஐந்து பேர் வந்தார்கள். இரவு நேரத்தில், ஆட்டோவில், பாத்திரம் படுக்கையோடு. ஒருவர் கஞ்சி வைக்க, ஒருவர் நெற்றியில் ஈரத்துணி போட, மாறி மாறி விழித்திருந்தார்கள். தெரு பார்த்தது வேறு. 'ஜமாத்தே வந்து இறங்கிடுச்சு.' 'ராத்திரி ஆட்டோ வருது போகுது.' ஒரு வாரத்துக்குள், வீட்டுக்கு ஆம்பளைங்க வர்றாங்க என்று பேச்சு கிளம்பிவிட்டது. வந்தவர்களில் ஒருவர்கூட ஆண் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் அந்த ஆட்டோ வந்திருக்காது.

கக்கூஸ் சாவி

நவம்பர் முதல் வாரம் பொதுக் கக்கூஸில் ஒரு பூட்டுத் தொங்கியது. மற்ற மூன்று குடித்தனத்துக்கும் சாவி கொடுக்கப்பட்டது. அக்கா கேட்டபோது, 'டூப்ளிகேட் போடக் குடுத்திருக்கேன், நாளைக்குத் தர்றேன்' என்றார் வீட்டுக்காரம்மா. அந்த நாளை வரவேயில்லை. அப்புறம் மோட்டார் போடும் நேரம் மாறியது. அக்கா தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வால்வு மட்டும் மூடியே கிடந்தது. காய்ச்சலில் இருந்து எழுந்த உடம்போடு குடம் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். கழிப்பறைக்கு, விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் கட்டணக் கழிப்பறைக்கு. கார்மெண்ட்ஸில் பழகிய பழக்கம் திரும்பி வந்தது: தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

நான் போய்ப் பேசினேன். வீட்டுக்காரம்மா என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அது நல்ல பொண்ணுதான், வாடகையெல்லாம் ஒண்ணாந்தேதி கரெக்டா குடுத்துடும். ஆனா குடித்தனக்காரங்க எல்லாம் கேக்குறாங்களே, நான் என்ன பண்ணட்டும் சொல்லு?'

சரி என்று மூன்று குடித்தனத்திலும் கேட்டேன். முதல் வீட்டில், 'எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்காரம்மாவுக்குத்தான் பிடிக்கல' என்றார்கள். இரண்டாவது வீட்டில், 'நாங்க எதுவும் சொல்லல, எதிர் வீட்டுக்காரங்கதான்.' மூன்றாவது வீட்டில் இருந்தவர் அக்காவிடம் தீபாவளிக்கு மூன்று ஜாக்கெட் தைத்தவர். 'எனக்கு ஒண்ணும் இல்ல. வயசுப் பையன் இருக்கான் வீட்ல, சொந்தக்காரங்க வந்தா என்ன நினைப்பாங்க?' என்றார். எதிர் வீட்டுக்கும் போனேன். அவர்களுக்கும் ஒண்ணும் இல்லை.

இந்த ஆய்வில் நான் கண்டதிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். வெறுப்பை யாரும் தன் பேரில் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாருமே நல்லவர்களாக இருந்துகொண்டு, இன்னொருவர் பெயரைச் சொல்லி, ஒரு மனுஷியைத் தெருவுக்கு அனுப்பினார்கள். யாரிடம் போய் வாதாடுவது? வீட்டுக்காரம்மா கெட்டவர் என்று என்னால் எழுத முடியவில்லை. ஆனால் பூட்டைத் தொங்கவிட்டது அவர் கைதான். அதையும் எழுதாமல் விட முடியாது.

சட்டம் என்ன செய்தது

2019-ல் நிறைவேறி 2020 ஜனவரி 10 முதல் அமலுக்கு வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, வீடு வாடகைக்கு எடுப்பதிலும் குடியிருப்பதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் இல்லை. தண்டனை 18-வது பிரிவில் இருக்கிறது: குடியிருக்கும் இடத்தைவிட்டுத் திருநரை வெளியேற்றினாலோ, வெளியேறும் நிலைக்குத் தள்ளினாலோ, ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறையும் அபராதமும். அதே பிரிவில்தான் பாலியல் வன்கொடுமையும் வருகிறது, அதற்கும் அதே இரண்டு வருஷம்தான் உச்சம். ஒரு பெண்ணுக்கு அது நடந்தால் குறைந்தபட்சமே பத்து வருஷம். இந்த நாடு யாருடைய உடம்புக்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறது என்பதை அந்த எண்கள் சொல்கின்றன.

கக்கூஸைப் பூட்டுவதும் தண்ணீரை நிறுத்துவதும் வெளியேறும் நிலைக்குத் தள்ளுவதுதான் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். புகார் எழுதித் தயாராக வைத்தேன். அக்கா வேண்டாம் என்றார். 'கேஸ் போட்டா அட்வான்ஸ் அறுபதாயிரம் எப்ப வரும்? அடுத்த வீட்டுக்காரன் எனக்குச் சாவி தருவானா? நீ எழுதுறது நியாயம்தான். நான் இந்த ஊர்லதான் வீடு தேடணும்.' அவர் முடிவை ஏற்றுக்கொண்டேன். புகார் என்று பதியாமல், காவல் நிலையத்தில் எழுத்தில் எதுவும் இல்லாமல் பேசி முடித்தார்கள். அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பெயிண்ட் செலவு என்று பிடித்துக்கொண்டு மிச்சம் இரண்டு தவணையாக வந்தது. டிசம்பரில் மெஷினை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு அக்கா ஜமாத் வீட்டுக்கே திரும்பினார்.

திருநங்கைகளின் முகவரியைப் போலீஸ் விசாரிப்பது இன்று நேற்று வந்ததில்லை. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்திலேயே அவர்களைப் பெயர், குடியிருப்போடு பதிவேட்டில் எழுதி வைக்கத் தனிப் பகுதி இருந்தது. 2011-ல் கர்நாடகப் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து அதே பதிவேட்டுக்கு மறுபடி வழி செய்தார்கள். அமைப்புகள் நீதிமன்றம் போன பிறகுதான் அதில் திருநங்கைகளைச் சுட்டிய சொல் நீக்கப்பட்டது. கண்காணிப்பதற்கு அவர்கள் முகவரி அரசுக்கு அத்தனை வருஷம் தேவைப்பட்டது. அதே முகவரியைக் காட்டி அக்கா தனக்கு உள்ளதைக் கேட்டபோது சான்று போதவில்லை.

காகிதம்

2023 ஜூன் 11-ல் கர்நாடகத்தில் சக்தி திட்டம் தொடங்கியது. அரசு பஸ்ஸில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் டிக்கெட் இலவசம். கர்நாடகத்தில் குடியிருப்பதைக் காட்டும் அடையாள அட்டை வேண்டும். அக்காவின் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, ஆண் பெயர், பழைய போட்டோ. சிவாஜிநகர் பஸ்ஸில் கண்டக்டர் 'ஆதார் தோர்சி' (ஆதாரைக் காட்டுங்கள்) என்று கேட்க, இவர் எடுத்துக் காட்ட, அவர் அட்டையையும் இவரையும் மாறி மாறிப் பார்க்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அக்கா கேட்பதையே விட்டுவிட்டார். காசு கொடுத்தே போவார்.

ஆதாரை மாற்ற என்ன வேண்டும்? ஆயுளில் பெயரை இரண்டு முறைதான் மாற்றலாம், பாலினத்தை ஒரே முறைதான். அவசரப்பட்டு ஏதாவது ஒரு மையத்தில் பாதி சரியாக மாற்றினால் அப்புறம் அலைய வேண்டும். முதலில் 2019 சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழை வாங்குவதுதான் நல்லது, அதை வைத்து மற்றவற்றை மாற்றலாம் என்று முடிவு செய்தோம். அப்போது இருந்த 2020 விதிகளின்படி அதற்கு மருத்துவப் பரிசோதனை தேவைப்படவில்லை. தன் பாலினம் இன்னது என்று பிரமாணப் பத்திரம் போதுமாக இருந்தது, முப்பது நாளில் சான்றிதழ் தர வேண்டும் என்றும் இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 25-ல் தொடங்கிய தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் ஓராண்டு தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். மாவட்டத்துக்குள் வீடு மாறினால் தப்பில்லை. காட்டுவதற்குக் காகிதம்தான் வேண்டும். அக்காவிடம் இருந்தது பதினோரு மாதப் பத்திரம் ஒன்று, அதுவும் ஐந்தாவது மாதத்தில் காலி செய்யப்பட்ட வீடு. வாடகை கையில் கொடுத்தது, ரசீது இல்லை. ஜமாத் வீட்டில் இருந்த மாதங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. பதினைந்து வருஷத்துக்கு மேல் பெங்களூரில் வாழ்ந்த ஒருவரால் கடைசி ஒரு வருஷத்தைக் காகிதத்தில் நிரூபிக்க முடியவில்லை. திருநர்க்குக் கர்நாடக அரசு தரும் மைத்ரி ஓய்வூதியம் கேட்கலாம் என்றால் அதுவும் இங்கேதான் வந்து நிற்கிறது. 2024 பட்ஜெட்டில் அதை மாதம் 800 ரூபாயில் இருந்து 1,200 ஆக உயர்த்தினார்கள், அக்காவுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அரசு வேலையில் திருநர்க்கு ஒரு சதவீத இட ஒதுக்கீட்டை 2021-ல் முதலில் கொடுத்த மாநிலம் கர்நாடகம், அது பெரிய விஷயம்தான். ஒன்பதாவதோடு நின்ற அக்காவுக்கு எட்டாத விஷயம்.

இப்படித்தான் ஒரு பூட்டு, பஸ் டிக்கெட் வரைக்கும் வந்தது.

இரண்டாவது வீடு

2023 ஆகஸ்டில் மர்பி டவுன் பக்கம் ஒரு மாடி அறை காலியாக இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் ரிட்டயர்டு ஆன தமிழர், மனைவி இல்லை, மகன் வெளிநாட்டில். இந்த முறை புரோக்கர் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். நேரே போய் நின்று, 'ஐயா, நான் திருநங்கைங்க. தையல் தொழில். முன்னாடி இருந்த வீட்ல காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வாடகை ஒண்ணாந்தேதி தப்பாது' என்றார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நிபந்தனைகள் சொன்னார். பத்து மணிக்கு மேல் மெஷின் ஓடக்கூடாது. சரி. வாசலில் போர்டு வேண்டாம். சரி. 'உங்க ஆளுங்க யாரும் வரக்கூடாது.' அக்கா எழுந்துவிட்டார். 'எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வெச்சவங்க அவங்கதான் ஐயா. அவங்க வரக்கூடாதுன்னா எனக்கு இந்த வீடு வேண்டாங்க.'

பக்கத்தில் இருந்த எனக்கு நெஞ்சு பதறியது. எட்டு மாதத் தேடலுக்குப் பிறகு கிடைத்த வீடு. ஆனால் அக்கா சொன்னதுதான் சரி. நல்ல திருநங்கை என்று பேர் வாங்க தன் ஆட்களை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் வீடு கொடுக்கிறவர்கள் பலர் வைக்கும் விலை. இரண்டு நாள் கழித்துப் பெரியவரே போன் செய்தார். 'வரட்டும்மா. பகல்ல வரட்டும். ராத்திரி உடம்பு சரியில்லன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடு.'

பத்திரத்தை வக்கீலை வைத்து எழுதினோம். ஆதாரில் இருக்கும் பெயரும் இப்போதைய பெயரும், இன்னார் என்கிற இன்னார் என்று சேர்த்து. பதினோரு மாதம்தான், ஆனால் விருப்பப்பட்டால் தொடரலாம் என்ற ஷரத்தோடு. பொது வசதிகள் எதையும் தடுக்கக்கூடாது, காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ், அட்வான்ஸ் காலி செய்யும் அன்றே என்றும் எழுத்தில் வந்தது. வாடகை கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்கு வழியாகப் போனது.

அந்த வருஷம் கார்த்திகையில் அக்காவின் அம்மா ஊரிலிருந்து வந்தார். அப்பா 2021-ல் இறந்தபோது, பேண்ட் சட்டையில் வந்தால் வா என்று தம்பி சொன்னதால் அக்கா சாவுக்குப் போகவில்லை. அம்மா மட்டும் ஒளித்து வைத்து போன் பேசிக்கொண்டிருந்தவர். வந்தவர் மூன்று மாதம் இருந்தார். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவார், படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பார், போகிற பெண்களிடம் 'என் பொண்ணுதான், நல்லா தைப்பா, வாங்க' என்பார். தெரு மாறியது கண்ணெதிரே தெரிந்தது. அளவு ஜாக்கெட்டோடு வந்தவர்கள் இங்கே குறைவு.

இதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. ஒரு பெண்ணைப் பெண் என்று தெரு நம்ப, பெற்ற தாய் வந்து படியில் உட்கார வேண்டியிருந்தது. அம்மா வராத திருநங்கைகள்தான் அதிகம். அவர்களுக்கு யார் வந்து உட்காருவது?

பிறகு நடந்தவை

2024 ஜூலையில் பத்திரம் முடிந்தது, பெரியவர் வாடகையில் 300 ரூபாய் மட்டும் ஏற்றிப் புதுப்பித்தார். இரண்டு பத்திரம், வங்கிப் பட்டியல், கேஸ் இணைப்பு எல்லாம் சேர்ந்து ஓராண்டுக்குச் சான்று ஆயின. அக்டோபரில் விண்ணப்பித்து டிசம்பரில் சான்றிதழ் வந்தது. முப்பது நாளைத் தாண்டித்தான், ஆனால் யாரும் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. பிப்ரவரியில் ஆதார் மாறியது. முகவரி பெங்களூர், பெயர் அவருடைய பெயர். பஸ்ஸில் இப்போது அட்டையைக் காட்டி இலவச டிக்கெட் வாங்குகிறார். மெட்ரோவில் பெண்கள் வரிசையில் நிற்கும்போது இன்னும் சில நேரம் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள். அட்டையை நீட்டுகிறார், சில நேரம் அதுவும் போதுவதில்லை.

இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேஸிலிருந்து நான் சொல்லக்கூடியது வீட்டைப் பற்றியதுதான். எந்த வீட்டில் குடியேறினாலும் முதல் மாதமே பத்திரம் கேளுங்கள், வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள், இரண்டு பெயரையும் எழுத வையுங்கள். ஜமாத் வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டுக்காரரிடம் இன்னார் இங்கே குடியிருக்கிறார் என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பூட்டு, வால்வு, கேட் என்று ஏதாவது நடந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். புகார் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் பேரம் பேசவாவது அது கையில் இருக்கட்டும். என்னைப்போல் மனு எழுதுகிறவர்களுக்கு ஒன்று: சான்றிதழ், பென்ஷன், பஸ் பாஸ் என்று தனித்தனியாக ஓடுவதற்கு முன், வந்தவருக்குத் தங்க ஒரு வீடு இருக்கிறதா, அது காகிதத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். வீடு கொடுக்கிற தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அல்சூர், மர்பி டவுன், ஈஜிபுரா, நீலசந்திரா என்று தெருத் தெருவாக இருக்கிறோம். ஒரு அறை காலியானால், தெரு என்ன சொல்லும் என்று யோசிப்பதற்கு முன், உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்பதை உங்கள் பேரிலேயே சொல்லிப் பாருங்கள்.

அக்காவின் பக்கத்தில் இப்போது தையல் கற்கும் ஒரு சேலாப் பெண் இருக்கிறாள், இருபத்திரண்டு வயது. அவளுக்கு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் பார்த்த இடத்தில் 'ஃபேமிலிக்குத்தான்' என்றார்கள். அக்காவுக்கு மைத்ரி விண்ணப்பம் போயிருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் பெயர் மாற்றுவதும் பாக்கி. ஒன்பதாம் வகுப்புப் பதிவேட்டைத் தேடி எடுக்கச் சொல்லி ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை.